சன்னம் முந்தும், சத்தம் பிந்தும்

பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் காற்றில் உப்பு ஏறிவிடுகிறது. இரு பக்கமும் முழங்காலளவு கடல், அதில் சிறகுவலைத் தடிகள். பின்னால் யாழ்ப்பாணக் கோட்டை, இடப்பக்கம் மண்டைதீவு. 1990 ஆகஸ்டில் முற்றுகைக்குள் இருந்த கோட்டையை மீட்க இராணுவம் வந்திறங்கியது அந்த மண்டைதீவில்தான். செப்டெம்பர் கடைசியில் கோட்டையைக் கைவிட்டுப் போனதும் இந்தக் கடல் வழியாகத்தான். அந்த மாதங்களில் இந்த வானத்தில் திரிந்தவை ஹெலிகளும் சியாமா செட்டிகளும் என்றார் மோட்டார் சைக்கிளை ஓட்டிய மாஸ்டர். இத்தாலியில் செய்த எஸ்.எஃப். 260 பயிற்சி விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் அது. பயிற்சிக்கென்று செய்த அந்த ஒற்றை விசிறி விமானத்தில் யந்திரத் துப்பாக்கியும் குண்டும் பூட்டி அனுப்பினார்கள்.

மாஸ்டர் வேலணையில் பிறந்தவர். 1990இல் தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் போனார். 1995இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது வன்னிக்குப் போனார். போன இடமெல்லாம் மரத்தடியிலும் கொட்டிலிலும் விஞ்ஞானம் படிப்பித்தவர். நான் நெடுநாளாகப் போர் விமானப் பீரங்கிகளைப் பற்றிப் படித்து வருபவன். இயந்திரங்கள் மேல் சிறுவயதிலிருந்து உள்ள ஆசைதான் அதற்குத் தொடக்கம். ஆனால் கிடைத்த புத்தகங்கள் எல்லாமே விமானியின் இருக்கையிலிருந்து எழுதப்பட்டவை. பீரங்கியின் வாய்க்கு எதிர்ப்பக்கம் நின்ற ஒருவரோடு தீவுப்பகுதியைச் சுற்றிவர வேண்டும் என்று நினைத்தேன். மாஸ்டர் உடனே சம்மதித்தார்.

அல்லைப்பிட்டி பிலிப் நேரியார் ஆலயத்தடியில் அவர் வண்டியை மெதுவாக்கினார். 2006 ஆகஸ்ட் 13 அதிகாலை, அங்கே தஞ்சமடைந்திருந்த மக்கள் மேல் ஷெல் விழுந்தது. பங்குத்தந்தை ஜிம் பிரவுண் ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20இல் காணாமற்போனார். அன்று விழுந்தது வானத்திலிருந்து வந்ததல்ல, ஷெல்லடி. மாஸ்டர் அதைத் தனியாகச் சொல்லி வைத்தார். எது எங்கிருந்து வந்தது என்பதைக் குழப்பக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் காரைநகருக்குப் போகும் பாதைப் படகுக்காகக் கொஞ்சப் பேர் சைக்கிள்களோடு நின்றார்கள். எதிரே நடுக்கடலில் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டை அது. 1658இல் டச்சுக்காரர் முற்றுகையிட்டபோது உள்ளே குடிதண்ணீர் தீர்ந்ததால் சரணடைந்தது. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு அதன் தலைவர் ரோகண விஜேவீரவை அடைத்து வைத்ததும் அங்கேதான். இப்போது கடற்படை நடத்தும் விடுதி.

அந்தக் கோட்டைப் பீரங்கிக்கு அவசரம் கிடையாது. வாய்க்காலுக்குள் நுழையும் பாய்க்கப்பல் காற்றுக்குக் காத்துக் காத்துத்தான் வரும். ஒரு முறை சுட்டு, குழலைத் துடைத்து, மருந்து இடித்து மறுபடி சுட நேரமிருந்தது. ஜெட் விமானம் பிறந்தபோது பீரங்கிக்காரன் இழந்தது இந்த நேரத்தைத்தான். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் ஜெட்டுகள் வந்துவிட்டன. ஒரு ஜெட் இன்னொரு ஜெட்டைக் குறிக்குள் வைத்திருக்கக் கிடைப்பது ஒரு செக்கன், மிஞ்சினால் இரண்டு. அப்போது பல விமானங்களில் இருந்த 20 மி.மீ. ஹிஸ்பானோ பீரங்கி செக்கனுக்குப் பத்துப் பதினொரு ரவைதான் கக்கும். அந்தப் பத்தும் எதிரியின் முன்னாலும் பின்னாலும் போய்விட்டால் வாய்ப்புப் போயிற்று.

கொரியப் போரில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. சோவியத் மிக்-15இல் 37 மி.மீ. பீரங்கி ஒன்றும் 23 மி.மீ. பீரங்கி இரண்டும் இருந்தன. ஒரு ரவை பட்டால் போதும், ஆனால் சுடுவேகம் காணாததால் படுவது அரிது. அமெரிக்க சேபரில் ஆறு பிப்டி கலிபர் துப்பாக்கிகள். அவை மழைபோலப் பொழிந்தன, ஆனால் சன்னம் சிறிது என்பதால் துளைபட்ட மிக்குகள் பல வீடு திரும்பின. பெரிய ரவையும் வேண்டும், அது மழையாகவும் வேண்டும். போருக்குப் பிந்திய பீரங்கி வரலாறு முழுவதும் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டும் முயற்சிதான்.

விடை ஏற்கெனவே ஜெர்மனியில் இருந்தது. ஓபர்ன்டோர்ஃப் என்ற சிறு நகரத்து மௌசர் தொழிற்சாலையில் எம்.ஜி. 213 என்ற பீரங்கியை வரைந்து, சில மாதிரிகளும் செய்திருந்தார்கள். போர் முடிந்துவிட்டதால் அது களத்துக்கு வரவில்லை. அதன் சூட்சுமத்தை மாஸ்டருக்கு விளக்க எனக்கு வேலணைக் கிணறுகள் உதவின. பழைய பீரங்கி துலாப்போல. வாளி இறங்கவேண்டும், நிரம்பவேண்டும், ஏறவேண்டும், கவிழவேண்டும், அதன்பிறகுதான் அடுத்த வாளி. மௌசர்காரர் செய்தது சூத்திரக் கிணறு. ஒரே குழலுக்குப் பின்னால் ஐந்து அறைகள் கொண்ட உருளை சுழலும். ஓர் அறையில் ரவை நுழைகையில் இன்னொன்று வெடிக்கும், வேறொன்று வெற்றுக்கோதைத் துப்பும். எந்த அறையும் மற்றதற்காகக் காத்திருக்காது. செக்கனுக்கு இருபது ரவை என்பது, அதுவும் 30 மி.மீ. பருமனில், இப்படித்தான் கைகூடியது.

மாஸ்டர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டிக்காரங்கள்தான் தம்பி. இதைச் செய்தவனுக்குப் பௌதிகம் நல்லா விளங்கியிருக்கு" என்றார். ஒரு விஞ்ஞான ஆசிரியரின் நேர்மையான பாராட்டு அது. எனக்கும் அந்த மதிப்பு உண்டு. அதை மறைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னால் அது முழுக்கதை ஆகாது.

1945 ஏப்ரலில் ஓபர்ன்டோர்ஃபைப் பிடித்தது பிரெஞ்சுப் படை. அதன்பின் அந்த வரைபடங்கள் நாடு நாடாகப் பிரிந்தன. பிரிட்டனில் ஏடன், பிரான்சில் டெஃபா, அமெரிக்காவில் 20 மி.மீ. எம்.39. மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஹன்டர் விமானத்தில் நான்கு ஏடன், இந்தியாவின் 'நாட்' விமானத்தில் இரண்டு. 1971 நவம்பர் 22இல் வங்காளத்துப் போய்ராவுக்கு மேலே இந்திய 'நாட்' விமானங்கள் பாகிஸ்தானிய சேபர்களை வீழ்த்தியது அந்த ஏடனால்தான். அமெரிக்கர்கள் வேறு பாதையும் பிடித்தார்கள். 1862இல் காட்லிங் உரிமம் பெற்ற பல குழல் துப்பாக்கியைத் தூசி தட்டி எடுத்து, 1946இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். ஆறு குழல்களும் சுழன்று செக்கனுக்கு நூறு ரவை சுடும் வல்கன் அப்படி வந்தது. ஏவுகணை வந்துவிட்டது, இனிப் பீரங்கி எதற்கு என்று ஒரு தலைமுறைப் பொறியியலாளர்கள் நினைத்ததும் உண்டு. பீரங்கியில்லாத பேன்டம் விமானங்களோடு வியட்நாமுக்குப் போய்ப் பாடம் படித்து, பிந்திய பேன்டத்தின் மூக்குக்குக் கீழே வல்கனை வைத்தார்கள்.

எங்கள் தீவுகளின் வானத்துக்கு இந்தக் குடும்பம் எப்போது வந்தது? இலங்கைக்கு ஜெட் பீரங்கி முதலில் வந்தது 1971இல், தெற்கின் கிளர்ச்சியை அடக்கச் சோவியத் ஒன்றியம் தந்த மிக்-17களோடு. மிக்-15இன் அதே மூன்று பீரங்கிகள்தான் அதிலும் இருந்தன. மூன்றும் ஒரு தட்டில் பூட்டியிருக்கும். கம்பி வடத்தால் தட்டோடு கீழே இறக்கி ரவை நிரப்பி மறுபடி ஏற்றலாம், அவ்வளவு சுளுவான வேலை. ஆனால் 37 மி.மீ.க்கு இருந்தது நாற்பதே ரவை. விரலை அழுத்திப் பிடித்தால் ஆறு செக்கன்.

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் வாணர் பாலத்தில் எதிர்க்காற்று வண்டியைத் தள்ளியது. புங்குடுதீவுக்குள் நுழைந்ததும் கூரையில்லாத வீடுகள். நாற்சார் வீடுகளின் தூண்கள் நிற்கின்றன, நடுமுற்றத்தில் ஆலமரம் வளர்ந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் பிள்ளைகள் பாரிஸிலும் டொரொண்டோவிலும் சூரிச்சிலும். கோயில்கள் மட்டும் புது வர்ணத்தோடு நிற்கின்றன.

குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறினோம். ஒரு மணி நேரப் பயணம். மேல்தட்டில் மரக்கறிச் சாக்குகள், ஒரு தையல் மெஷின், காஸ் சிலிண்டர்கள். மேற்கே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கச்சதீவு, அதற்கும் அப்பால் இராமேஸ்வரம். 1987 ஜூன் 3ஆம் திகதி அங்கிருந்து நிவாரணப் படகுகள் புறப்பட்டு வந்தன. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் பின்னேரம் இந்தியா ஐந்து அன்டனோவ் விமானங்களில் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தின் மேல் போட்டது. காவலுக்கு மிராஜ் 2000 ஜெட்டுகள் வந்தன. ஒற்றை இருக்கை மிராஜின் வயிற்றில் இருப்பவை இரண்டு டெஃபா பீரங்கிகள், ஓபர்ன்டோர்ஃப் வரைபடத்தின் பேரப்பிள்ளைகள். சனம் வெளியே வந்து கைகாட்டிய ஜெட்டுகள் அவைதான்.

"அண்டைக்கு நானும் கைகாட்டினன்" என்றார் மாஸ்டர். "பிறகு ஒருநாளும் எந்தப் பிளேனுக்கும் கைகாட்டேல்லை."

டெஃபாவின் அடுத்த வருகை 1996இல். இஸ்ரேல் பிரெஞ்சு மிராஜ் வடிவத்தில் அமெரிக்கப் பேன்டத்தின் எஞ்சினைப் பூட்டிச் செய்த கிபிர், அந்த ஆண்டு கட்டுநாயக்காவுக்கு வந்தது. ஜெர்மன் மூளை, பிரெஞ்சுப் பீரங்கி, அமெரிக்க எஞ்சின், இஸ்ரேலியத் தொழிற்சாலை எல்லாம் சேர்ந்த ஒரு பொருள் வன்னிக் காட்டுக்கு மேலே வந்து நின்றது. அதற்கு முன்பே, 1991இல், சீனாவின் எஃப்-7 வந்துவிட்டது. அதைச் சனம் சுப்பர்சொனிக் என்றது. ஆர்ஜென்டினாவின் புக்காராவும் வந்தது. அது ஜெட் அல்ல, இரட்டை விசிறி. அதன் மூக்கில் இரண்டு 20 மி.மீ. பீரங்கி. ஒலி மெல்லியது, தாழப் பறக்கக்கூடியது. அதனால் அதற்கு அதிகம் பயந்தோம் என்றார் மாஸ்டர்.

கணக்கை அவருக்குச் சொன்னேன். கிபிரில் பீரங்கிக்கு 140 ரவை, செக்கனுக்கு இருபதுக்கு மேல். இரண்டு பீரங்கியும் சேர்ந்து ஒரு செக்கனில் பத்துக் கிலோவளவு உருக்கும் வெடிமருந்தும். ஆறேழு செக்கனில் எல்லாம் தீரும். "அதுதான் கிபிர் சுட்டது குறைவு, போட்டதுதான் கூட" என்றார் அவர். உண்மைதான். வன்னிக்கு வந்த கிபிர்கள் பெரும்பாலும் குண்டு போடத்தான் வந்தன. பீரங்கியால் சுட்டு அலைக்கழித்தவை ஹெலிகளே. 1987 ஒக்டோபரில் இந்தியப் படை கொண்டுவந்த மி-25இல் நான்கு குழல் யந்திரத் துப்பாக்கி, 1990களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கை விமானப்படை பறத்திய மி-24களின் ஒரு வகையில் இரட்டைக்குழல் 30 மி.மீ. பீரங்கி. ஜெட்டின் ஒரு செக்கனுக்காகச் செய்த சுடுவேகம், வானத்தில் வட்டமடித்து ஆறுதலாகக் குறிபார்க்கக்கூடிய ஒரு பொறியில் ஏறியபோது அதன் பொருளே மாறிவிட்டது. என் மனத்தை விட்டு அகலாத இடம் இதுதான். சமமான இரண்டு விமானிகள், இருவருக்கும் ஒரே ஒரு செக்கன், அதற்காகவே அந்த உருளை சுழன்றது. கீழே நிற்பவன் பறப்பதில்லை, திருப்பிச் சுடுவதில்லை, வேலியோரம் ஓடுகிறான். அவனுக்கு எதிராகச் செக்கனுக்கு இருபது ரவை எந்தக் கேள்விக்கும் விடையல்ல.

நெடுந்தீவில் வாடகைக்கு எடுத்த ஓட்டோ வெள்ளை ஒழுங்கைகளில் ஓடியது. இரு புறமும் சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் மதில்கள். வைத்தியசாலைக்குப் பின்னால் டச்சுக் கோட்டையின் சுவர்கள், அவையும் அதே பவளக்கல்தான். மேற்கே வெளியில் குதிரைகள் மேய்ந்தன. சில எங்களைக் கண்டு அசையவுமில்லை. காலடி மண்ணைச் செருப்பால் கிளறிப் பார்த்தேன். சாண் ஆழத்தில் கல் தட்டியது. "இந்தத் தரையில பங்கர் வெட்டுறது லேசில்லை" என்றார் மாஸ்டர். வன்னி மண்ணில் அரை நாளில் 'எல்' வடிவக் குழி தோண்டிப் பனங்குற்றி அடுக்கிவிடலாம். தீவில் மண்மூட்டைதான், மதிலோரம்தான். வேலணையில் ஹெலி சுற்றும்போது பனையைச் சுற்றிச் சுற்றி ஓடியதாகச் சொன்னார். ஹெலி எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம் மரத்தோடு ஒட்டிக்கொள்வது. பனை சன்னத்தைத் தாங்கும், 20 மி.மீ. ரவையைத் தாங்காது.

பெருக்கு மரத்தடியில் இளைப்பாறும்போது மிக்-27ஐப் பற்றிப் பேச்சு வந்தது. 2000ஆம் ஆண்டு உக்ரேனிலிருந்து வாங்கியது. அதன் வயிற்றில் இருப்பது துலா நகரத்து கிரியாசேவும் ஷிபுனோவும் வரைந்த ஆறு குழல் 30 மி.மீ. பீரங்கி. வல்கனைச் சுழற்ற வெளியிலிருந்து சக்தி வேண்டும். இதைச் சுழற்றுவது வெடிக்கும் ரவையின் வாயுவே. அதனால் விரல் வைத்த கணமே முழு வேகம். செக்கனுக்கு எண்பது ரவைக்கு மேல், முப்பது கிலோவுக்கு மேல் உருக்கு. உள்ள ரவை நான்கு செக்கனுக்குள் தீர்ந்துவிடும். பின்னுதைப்பு ஐந்து தொன்னுக்கு மேல். சுடும்போது விமானமே அதிர்ந்து, இறங்கும் விளக்குகள் உடைந்து, விமானியின் முன்னாலிருக்கும் கருவிகள் கழன்ற கதைகள் உண்டு. பீரங்கி விமானத்தை விடப் பலமாகிவிட்ட கட்டம் அது. இதற்குப் பிறகு சோவியத் பொறியியலாளரே பின்வாங்கினார்கள். சுகோய்-27க்கும் மிக்-29க்கும் செய்தது ஒற்றைக் குழல், எடை ஐம்பது கிலோவுக்குள். குறிபார்க்கக் கணினியும் லேசரும் வந்தபின் மழை தேவைப்படவில்லை, சில துளிகளே போதுமாயின.

அப்போதுதான் மாஸ்டர் தன் பாடத்தை எடுத்தார். வன்னியில் மாணவர்களுக்கு ஒலியின் வேகத்தைப் படிப்பித்த விதத்தைச் சொன்னார். ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் போகும். ரவை குழலை விட்டு வெளியேறும்போது 800 மீற்றருக்குக் கிட்ட, விமானத்தின் வேகமும் அதோடு சேரும். ஒரு கிலோமீற்றர் தள்ளி ஒருவன் சுட்டால் ஒரு செக்கன் சொச்சத்தில் ரவை வந்துவிடும், சத்தம் வர மூன்று செக்கன் ஆகும். முதலில் பக்கத்தில் மண் கிளம்பும். அதன்பிறகுதான் மேலேயிருந்து துணி கிழிக்கிற மாதிரி இழுபட்ட சத்தம். "சத்தம் கேட்டிட்டுதெண்டால் நீ தப்பிட்டாய் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுவன். பயம் தெளியட்டும் எண்டு. ஆனால் அது அந்த வரிசைக்கு மட்டும்தான் சரி. திரும்பி வரும்." அவர் கையால் வானத்தில் ஒரு வட்டம் போட்டார்.

இந்த அறிவை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். இரத்மலானை விமானப்படை அரும்பொருளகத்தில் விமானங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எண்களும் பெயர்களும் உண்டு. எந்த எஞ்சின் எப்படி இரையும், எது குத்துவதற்கு முன் எவ்வளவு நேரம் மௌனமாகும், எது ஒருமுறை சுற்றிவிட்டுப் போகும், எது மறுபடி வரும் என்று ஒரு தலைமுறை முழுவதும் காதால் அறிந்து வைத்திருக்கிறது. அது பொறியியல் வரலாற்றின் மறுபாதி. மாஸ்டரின் வயதுக்காரர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒலிப்பதிவு செய்யக் கைத்தொலைபேசி ஒன்று போதும் என்ற காலத்திலும் அதை நாங்கள் செய்யாமலிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பின்னேரம் குறிகட்டுவானுக்குத் திரும்பி நயினாதீவுப் படகில் ஏறினோம். நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகும் சனமும், நாகதீப விகாரைக்குப் போகும் வெள்ளைச் சேலை உடுத்த சிங்களப் பெண்களும் ஒரே பலகையில். என் பக்கத்தில் புங்குடுதீவைச் சேர்ந்த ஒரு அக்கா, சூரிச்சிலிருந்து மகனோடு நேர்த்திக்கு வந்தவர். பேச்சு எப்படியோ பீரங்கிக்குப் போனது. ஓர்லிகோன் என்றதும் நிமிர்ந்தார். "நான் ஒவ்வொரு நாளும் ஓர்லிகோன் ஸ்டேஷனிலதான் ரெயின் மாறுறனான்" என்றார். 20 மி.மீ. பீரங்கிக்கு உலகெங்கும் பெயர் தந்த ஊர் அதுதான் என்று சொன்னேன். இந்தக் கடலில் ஓடிய கடற்படையின் டோராப் படகுகளில் இருந்ததும் ஓர்லிகோன்தான் என்றேன். ஓபர்ன்டோர்ஃப் அங்கிருந்து ஓரிரு மணி நேர ஓட்டம். மௌசர் அங்கேயே 1970களில் டொர்னேடோவுக்கு 27 மி.மீ. பீரங்கி செய்தது. இன்றைய யூரோஃபைட்டரில் இருப்பதும் அதே. அவர் மகனைத் தட்டி, "கேட்டியே, நாங்கள் எங்க போய் இருக்கிறம் எண்டு" என்றார். பிறகு, இலங்கை 2021இல் பழைய கிபிர்கள் ஐந்தைப் புதுப்பிக்க இஸ்ரேலோடு ஐந்து கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்ததைச் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி. கொஞ்ச நேரம் பேசவில்லை.

மகனுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும். கிபிர் எப்படிச் சத்தம் போடும் என்று தமிழும் ஜெர்மனும் கலந்து கேட்டான். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு தாழ்ந்த இரைச்சல் ஒன்றைத் தொடங்கினார். "இல்லை மாஸ்டர், அது சுப்பர்சொனிக்" என்று அக்கா மறித்தார். கிபிர் முதலில் ஊளையிடும், பிறகுதான் இரையும் என்றார். ஊளை குத்தும்போது மட்டும்தான் என்றார் மாஸ்டர். தான் 1997இல் மல்லாவியில் கேட்டது வேறு என்றார் அக்கா. பின்பலகையிலிருந்த கிழவர் ஒருவர் இரண்டு பேரும் சொல்வது பிழை என்று சொல்லிக்கொண்டே எழுந்து முன்னுக்கு வந்தார். பையன் கைத்தொலைபேசியை எடுத்துப் பதிவை அழுத்தினான்.